வீட்டின் அரசர்

குக்கர் விசில் தூரத்திலிருந்து கேட்டதுதான் முதலில் பிரிஜெட்டை உறுத்தியது. விவேக் நகர்ச் சந்தில் ஒட்டி நின்ற வீடுகளில் மிகக் குறுகலானது அவளுடையது. கூடத்திலிருந்து கை நீட்டினால் சமையலறைக் கதவைத் தொடலாம். அன்று மாலை அந்த விசில், எங்கோ போகும் ரயிலின் கூவலைப் போல, ஈரச் சுண்ணாம்பு வாசனையோடும் குளிர்காற்றோடும் மெல்ல வந்து சேர்ந்தது.

கணவன் டெரிக்கை அடக்கம் செய்த மாதம் அது. அடக்கத்தன்று கூடிய கூட்டத்தில் இடிபட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்தின் கண்ணாடி உடைந்திருந்தது. வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்த நாளில், இனி இந்த வீட்டுக்கு இவரே அரசர் என்று சொல்லி ஃபாதர் மாட்டிய படம். அது கண்ணாடி போடப் போயிருக்க, வெறும் ஆணியைப் பார்க்கப் பொறுக்காமல் பிரிஜெட் அதில் டெரிக்கின் போட்டோவை மாட்டினாள். மாலை ஜெபத்தில் வாய் பழக்கமாய் அதையே சொன்னது: "எங்கள் வீட்டின் அரசரே, எங்களை ஆண்டருளும்."

பக்கத்து வீட்டுத் தனக்கோடி பார்த்துவிட்டாள். "ராஜா எடத்துல மனுசனை வெச்சிருக்கியே பிரிஜெட்டு. உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"உக்காந்த எடத்துலயே காபி கேட்டவருதானேக்கா. ராஜாதான்."

இருவரும் சிரித்தார்கள். மகள் வீணா சிரிக்கவில்லை. டெரிக் அவளை மகாராணி என்றுதான் கூப்பிடுவான்; இந்தத் தீப்பெட்டி வீட்டை இடித்து அரண்மனை கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

"டாடி கட்ட ஆரம்பிச்சுட்டாரு மம்மி," என்றாள் வீணா.

எதிர்ச்சுவர் நாளுக்கு நாள் பின்வாங்கியது. சிமெண்ட் தரை காலடியில் சலவைக்கல்லாய்ச் சில்லிட்டது. தூண்கள் முதலில் நிழலாக வந்தன. பிறகு தொட முடிந்தது. தனக்கோடியைக் கூட்டி வந்து காட்டினால், அவள் கண்ணுக்கு அதே பழைய கூடம். தூக்கமில்லாததுதான் காரணம் என்று கையைத் தடவிவிட்டுப் போனாள்.

திரு இருதயப் படம் கண்ணாடி போட்டு வந்த அன்று, குக்கரை அணைக்க வீணாவை அனுப்பிவிட்டு, பிரிஜெட் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆணியை நோக்கி நடந்தாள். நடந்தாள். சுவர் வரவில்லை. விசில் நின்றது.

"வீணா."

"இதோ வரேன் மம்மி."

குரல் வெகு தூரத்தில். எதிரொலியோடு.

தனக்கோடியை அழைக்க வெளியே ஓடினாள். திரும்பியபோது குறுகிய பழைய கூடம். சமையலறை. சூடான குக்கர். வீணா இல்லை.

போலீஸ் தேடியது. ஃபாதர் வந்து மறுபடி மந்திரித்தார்.

தெருவில் நின்று ஜன்னல் வழியே உள்ளே பார்த்தால் மட்டும் அந்தத் தூண் மண்டபம் இன்னும் தெரிகிறது. அதன் கோடியில், மெழுகுவத்திச் சுடர் அளவில், வீணா அம்மாவை நோக்கி ஓடி வருவாள். எவ்வளவு ஓடினாலும் பெரிதாக மாட்டாள். பிரிஜெட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இன்று வீணா ஓடவில்லை.

முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்திருந்தார்கள். அவள் தலையில் கிரீடம் போல ஏதோ மின்னியது.