காலி வீடுகளின் உச்ச ஓட்டம்

நாற்பது வீடு கட்டிய புதுக் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து வந்த கழிவுநீர், நாற்பது வீடும் சேர்ந்து குளித்த அளவு இருந்தது.

சாக்கடை ஓட்டத்தை அளவெடுக்கும் ஊழியர் தன் ஓட்டமானியைத் தட்டிப் பார்த்தார். முள் இறங்கவில்லை. சாக்கடைக் குழியிலிருந்து வெதுவெதுப்பாகச் சோப்பு வாசனை எழுந்தது. கால் மணி நேரம் பொங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிப்போயிற்று.

அந்த ஒரு வீடு அவருடைய சகலையுடையது. குடியிருப்புக்குக் குழாய்க் கணக்குப் போட்ட பொறியாளரும் சகலைதான். தன் கணக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை. பள்ளத்திலிருந்த கடைசி வீட்டையே வாங்கிக் குடியேறியிருந்தார். ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரில் ஒருவர் மாடி அறைக்கு ஏறினார், மற்றவர் சாக்கடைக் குழிக்குள் இறங்கினார்.

"அக்கா வீட்ல குளியலறையே நம்ம வீடு அளவு இருக்குங்க," என்பாள் மனைவி, வாரம் தவறாமல்.

"அப்ப அங்கேயே போய்க் குளி."

அன்று அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் மட்டும் இறங்கும்.

ஒரு நாள் ஓடும் நீரை இருபத்துநாலு மணி நேரத்துக்கும் பங்கிட்டால் வருவது சராசரி. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் வருவது உச்ச ஓட்டம். சாக்கடைக் குழாய் தாங்கவேண்டியது உச்சத்தை. தாங்காவிட்டால் பள்ளத்து வீட்டுக்குள் நீர் எதிர்த்து ஏறும். இதெல்லாம் தெரிந்தும் அவர் அறிக்கையில் சராசரியை மட்டும் எழுதினார். சராசரி சாதுவாக இருந்தது. உச்சமோ தினமும் இரண்டு அங்குலம் ஏறியது. ஏறட்டும். சகலையின் கணக்கு ஊர் பார்க்க நாறட்டும்.

ஒன்பதாம் நாள் சாக்கடைக் குழாய் நிரம்ப இரண்டே அங்குலம் மிச்சம். வீடு திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. கைப்பேசியில் மனைவி பேசினாள்.

"அக்கா வீட்ல இருக்கேங்க. நாளைக்கு மத்தியானம்தான் வருவேன். நீங்களும் வாங்களேன், உங்க சகலை கூப்பிடறாரு."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார். பின்னணியில் சகலையின் சிரிப்புக் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

விடிந்ததும் மனம் கேட்கவில்லை. சைக்கிளை மிதித்துக் குடியிருப்புக்குள் நுழைந்தபோது ஏழாக ஒரு நிமிடம். கதவுகளில் புதுப் பூட்டு, முன்பக்கச் சன்னல்களில் இன்னும் உரிக்காத காகிதம், ஈரச் சுண்ணாம்பு வாசனை. தண்ணீர் இணைப்பே கொடுக்காத வீடுகள்.

ஏழு.

அத்தனை வீடுகளிலும் ஒரே கணத்தில் குழாய்கள் திறந்தன.

குளியலறைச் சன்னல் கண்ணாடிகளில் ஆவி படர்ந்தது. பின்னால் உருவங்கள். வீட்டுக்கு ஒன்று. கூன் தோள். முன்தள்ளிய வயிறு. சுண்டுவிரலால் காதைக் குடைந்து கழுவும் பழக்கம்.

அவருடைய பழக்கம்.

ஓடினார். கடைசி வீடு. கதவைத் தட்டினார்.

"சகலை! கதவைத் திறங்க!"

கதவடியில் நீர். வெதுவெதுப்பு. கணுக்கால். முழங்கால்.

உள்ளே மனைவியின் குரல், தேனாக:

"துண்டு எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துட்டேன்மா."

அது அவருடைய குரல்.

அவள் சிரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவரிடம் அப்படிச் சிரித்ததில்லை.

உள்ளேயிருந்து ஒரு கை குளியலறைச் சன்னல் கண்ணாடியைத் துடைத்தது. அவர் முகம். பசி தீர்ந்து பளபளக்கும் முகம். வெளியே நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்தது.