கக்கத்துத் துண்டு

கல்லூரித் திரையறையில் இருந்தவர்கள் பிடரியில் தசைப்பட்டையை ஒட்டிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் படத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் யாருக்கும் போதுவதில்லை. திரையில் பொம்மை ஓடினால் பார்ப்பவனுக்கும் கெண்டைக்கால் இறுக வேண்டும். அதற்கு வெறும் கோடு பத்தாது. வரைகிறவள் உடம்பில் ஓடும் முறுக்கையே முறுக்குப்பேனா உறிஞ்சிப் படத்துக்குள் ஊற்றிவிடும்; பட்டை அதைப் பார்ப்பவன் உடம்பில் இறக்கும்.

பேச்சித்தாயின் இறுதியாண்டுப் படம் அது. அரண்மனை வாசலில் நின்று ராஜாவை "ஏன்?" என்று கேட்கிறான் ஒருத்தன். அவன் நிற்கிற அந்த ஒரு நிலைக்காக ராப்பகலாக உழைத்திருந்தாள். படம் முடிந்த கையோடு ஒரு நிறுவனம் அதை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பப்போகிறது. அவள் மட்டும் பட்டை ஒட்டாமல் கடைசியில் நின்றாள்.

படம் முடிந்தது. பட்டைகளைக் கழற்றினார்கள்.

"ஏ கோட்டா, என்ன எழவு வரைஞ்சிருக்க? கை வரமாட்டேங்குது!" சிரித்தான் ஹர்ஷத். இடஒதுக்கீட்டில் சேர்ந்தவள் என்பதால் நாலு வருசமாக அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். அவன் இடது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. தோள் குறுகியது. "மன்னிச்சிருங்க" என்றான்.

திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் அதே கை, அதே வளைந்த கழுத்து.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அப்பாவும் அவருடைய அப்பாவும் பண்ணையார் முன்னால் தோள்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிய கை அது. துண்டு எப்போதோ போய்விட்டது. இடுக்கிய கை மட்டும் போகாமல் அவள் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. வீரனை வரைகிறோம் என்று நினைத்துக்கொண்டு இதைத்தான் ஊற்றியிருக்கிறாள். மற்றவர்கள் வரைந்த நிலைகள் பட்டையைக் கழற்றியதும் உதிர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஊறிய இது உதிரவில்லை.

அனுப்புப்பொறியிடம் ஓடினாள். அங்கே பேராசிரியர் கோதண்டம், அவரும் இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அனுப்பும்வரை படத்தின் மூலப்பிரதி அந்தப் பொறியில் மட்டும்தான் இருக்கும்.

"என்ன தாமதம்? அனுப்பு!" சிறுதிரையில் நிறுவனத்து அதிகாரி அதட்டினார்.

"இதோங்கய்யா." பேராசிரியரின் வலது கை பொத்தானுக்குப் போனது.

"சார், வேண்டாம் சார்! சின்னப் பிள்ளைங்க பார்க்கும். அழிச்சிருங்க சார்!"

அவர் காதில் விழவே இல்லை. எப்படி விழும்? கெஞ்சுகிறவள் பேச்சை இந்த உடம்பு கேட்காது. அதட்டுகிறவனுக்குத்தான் அசையும். அவளுக்கா தெரியாது?

"ஏலே! கையை எடுலே! அழி அதை!"

அது அவள் குரலே இல்லை. பண்ணையார் குரல், அந்தக் காறலும் இழுவையும் மாறாமல். அடங்கி நின்றவர்கள் வீட்டில் அந்தக் குரல் யாருக்கு மனப்பாடமில்லை?

"உத்தரவு" என்றார் பேராசிரியர். அழித்தார்.

பிள்ளைகள் தப்பித்தார்கள். திரும்பினால், அறை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எல்லாரும் உட்காருங்க. சரியாப் போயிரும்."

ஒருவரும் அசையவில்லை. ஹர்ஷத் மட்டும் விலாவோடு கையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"உக்காருங்கலே!"

நாற்காலிகளைத் தொடாமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.