குறைத்து வைத்தவர்

சேதுவின் வீட்டு வாசலுக்கு ஓடிவந்த தாயம்மா நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. வேணும்னே பழத்தக் கெடுத்துட்டாராம். சாயந்தரம் மொதலாளி பொலிசுக்குப் போறாராம்."

சேது துறைமுகத்தில் பழச் சரக்கின் நட்டத்தை மதிப்பிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரவாங் ஊரில் இப்படிப்பட்ட சிக்கல்கள் அவரைத் தேடி வரும். அவருடைய உதவியாளன் தேவதாஸ் அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

பழக்கிடங்கைச் சேர்ந்தபோது, மழைக்கோட்டோடு பின்னால் உட்கார்ந்து வந்த சேது தப்பித்தார்; தேவதாஸ் தொப்பலாக நனைந்திருந்தான். அலுவலக அறையில் முதலாளி பாலகிருஷ்ணன் ஒரு பீச் பழத்தைப் பிளந்து காட்டினார். தோல் சிவந்து அழகாக இருந்தது. உள்ளே கொட்டையைச் சுற்றிப் பழுப்பு. தேவதாஸ் கடித்துப் பார்த்தான். சாறே இல்லை. பஞ்சு.

"போன மாசம் பினாங்குலேருந்து போன் போட்டேன். 'பீச் வருது, குளிர் ரூம கொறச்சு வை'ன்னேன். மூணு டிகிரில இருந்தத ஏழுக்கு ஏத்தி வச்சிருக்கான். தீமிதிக்கு லீவு குடுக்கல, அந்தக் கோவம்."

"கொறச்சுத்தான் வச்சேன் மொதலாளி," என்றார் தாயம்மாவின் கணவர் செல்லையா, வாசலில் நின்றபடி. "மாரியம்மா மேல சத்தியம்."

"ஏழு எப்பண்ணே மூணவிடக் கொறஞ்சிச்சு?" தேவதாஸ் சிரித்தான். "பொய்க்கும் ஒரு கணக்கு வேணும் லா."

சேது சிரிக்கவில்லை. பழத்தை முகர்ந்தார்.

"கெடுக்க நெனச்சவன் மெஷினையே நிறுத்தியிருப்பான். பழம் அழுகியிருக்கும். இது அழுகல. வாரக்கணக்குல குளிர்லயே இருந்திருக்கு. ஆனா பீச்சுக்குப் பூஜ்யத்துக்கிட்ட வேணும். ஏழுல வச்சா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள இப்படி ஆயிரும். ஏன் செல்லையா அப்படி வச்சீங்க?"

"மெத்துன்னு இருக்குற பழம். குளிரு தாங்காதுன்னுதான் மொதலாளி சொல்றாருன்னு நெனச்சேன்."

"கத விடுறான்," என்றார் பாலகிருஷ்ணன்.

குளிரூட்டியின் காற்றில் தேவதாஸின் பற்கள் தந்தியடித்தன. சேது அவனைப் பார்த்தார்.

"இவன் நடுங்குறான் மொதலாளி. ஏர்கோனக் கொஞ்சம் கொறச்சு வைங்க."

பாலகிருஷ்ணன் எழுந்து குமிழைத் திருகினார். காற்றில் குளிர் தணிந்தது.

"எதக் கொறச்சீங்க?" என்று கேட்டார் சேது.

"குளிரத்தான்..."

பாலகிருஷ்ணனின் கை குமிழிலேயே நின்றது.

"நீங்க மனசுல வச்சது நம்பர," என்றார் சேது. "அவரு காதுல விழுந்தது குளிரு. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றீங்க."

தேவதாஸ் செல்லையாவைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த பழத்தைப் பார்த்தான்.

பொலிசைக் கூப்பிட வைத்திருந்த போனைப் பாலகிருஷ்ணன் தொட்டார், எடுக்கவில்லை.

"செல்லையா, நாளைக்கு அடுத்த லோரி வருது. குளிர் ரூம..." அந்தச் சொல் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினார். "பூஜ்யத்துல வை."

"பூஜ்யம், மொதலாளி," என்றார் செல்லையா. பின்னாலேயே வந்து வெளியே குடையோடு நின்ற தாயம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குளிர் அறையை நோக்கி நடந்தார்.