எட்டு இஞ்ச் வூஃபர்

மேஜையில் கிடந்த, ஸ்பீக்கரில் கனத்த சத்தம் எழுப்பும் இரண்டு வூஃபர்களில் ஒன்று அசைந்தது. கம்பி எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் அதன் கறுப்புக் காகிதக் கோன் மெதுவாக மேலே எழும்பி, மெதுவாகக் கீழே அமர்ந்தது.

எலக்ட்ரீஷியன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். மூன்று நாளாகத் தூக்கம் என்பதே கிடையாது. மகளுக்கு நெஞ்சில் இழுப்பு. அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கட்டிலோரமே பழியாய்க் கிடந்ததில் அவன் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகியிருந்தது. மதிய மழைச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்து அறையிலிருந்து அந்த இழுப்பு இப்போதும் ஈர மரத்தில் ரம்பம் ஓடுவதுபோலக் கேட்டது. அவளுக்காகத்தான் இந்த ஸ்பீக்கர் வேலையே. ஸ்பீக்கர் பெட்டியில் கை வைத்தால் பாட்டு வயிற்றில் இடிக்க வேண்டுமாம், மகாராணியின் உத்தரவு. பெட்டி தயார். எந்த வூஃபர் என்பதுதான் பாக்கி.

வேலைக்குப் போயிருந்த மனைவி போன் செய்தாள்.

"தூங்குறாளா?"

"தூங்குறா. இழுப்பு மட்டும் நிக்கல."

"பக்கத்துலயே இருங்க. அந்த ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு அழாதீங்க."

போனை வைத்துவிட்டு வூஃபர்களுக்கே திரும்பினான். கோனை விரலால் அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவன் வழக்கம். முதலாவது விறைப்பாக எதிர்த்தது; கனமான சத்தம் இதில் வராது. இரண்டாவதன் ரப்பர் விளிம்பு இளகிக் கொடுத்தது. இதுதான் சரி என்று நினைக்கும்போதே, அது அவன் விரலை மேலே தள்ளியது. வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து வாடை அடித்தது. இறங்கியது. மறுபடி தள்ளியது. தூக்கக் கலக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆடுகிற கோனை அடக்க ஒரு வழி உண்டு. பின்னாலுள்ள இரண்டு முனைகளையும் துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டால் அது இறுகிக்கொள்ளும். தொழில் பழகிய கை யோசிக்காமல் அதைச் செய்தது.

கோன் நின்றது. பக்கத்து அறையில் இழுப்பும் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பிள்ளை இப்போதுதான் அசந்து தூங்குகிறாள். நாற்காலியில் சாய்ந்தான். கண் சொக்கியது.

விழித்தபோது மழை விட்டிருந்தது. வீடு முழுக்க அமைதி.

ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை.

கம்பியைப் பிடுங்கினான். கோன் துடித்து எழுந்தது. வூஃபரை அள்ளிக்கொண்டு ஓடினான். கட்டிலில் மகள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டான். உலுக்கினான். உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை.

அவன் கைக்குள் அந்தக் காகிதக் கோன் மட்டும் அவளுடைய இழுப்போடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வைக்கப் பயமாக இருந்தது. கையை ஆட்டவும் பயமாக இருந்தது.