செடிகள் சாய்ந்த பக்கம்

“லைட்டு மேலதானம்மா இருக்கு, அப்புறம் செடி ஏன் பக்கத்துல சாயுது?”

வளர்ப்பு மீன் கடைக் கலையரசன் ஒருமுறை தொட்டியைப் பார்க்க வந்தபோது பொன்னியிடம் இப்படிக் கேட்டான். செங்கம் சாலையில் அருணாதேவி நடத்தும் விடுதியில், அவருடைய மகள் கவிநிலாவைப் பார்த்துக்கொள்வதும் கூடத்து மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்வதும்தான் பொன்னியின் வேலை. தொட்டியின் அடியில் மண் பரப்பி நட்டிருந்த நீளமான இலைச்செடிகள், தலைக்கு மேல் எரியும் விளக்கை விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டை நோக்கிச் சாய்ந்திருந்தன.

“அதுங்களுக்கும் மலையப் பாக்கணும்னு ஆச போல,” என்று கலையரசன் சிரித்தான்.

“மலை அந்தப் பக்கம்ணா.” பொன்னி வாசலைக் காட்டினாள்.

அவன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மோட்டார் முனகும் அந்தக் கூடத்தில், பாசியும் ஈரமண்ணும் கலந்த வாசனைக்கு நடுவே, அவள் தினமும் இலைகளைக் கவனித்தாள். ஒரு காலையில் அவை படிக்கட்டுப் பக்கம் இல்லை. கவிநிலா பால் குடிக்க உட்காரும் குட்டி நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தன. பொன்னி நாற்காலியை எதிர்ச் சுவரோரம் நகர்த்தினாள். இரண்டு நாளில் இலைகளும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பின. இலைகள் எதைப் பார்த்துச் சாய்கின்றனவோ, அது குழந்தையின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

அவள் நேராகக் கடைக்குப் போனாள்.

“இருக்கறதுலயே வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கற லைட்டு குடுங்கண்ணா.”

“பாசி புடிச்சி நாறிடும்மா. கம்மி வெளிச்சமே போதும் இந்தச் செடிக்கு.”

“நாறட்டும்ணா.”

வாங்கி வந்த வெள்ளை விளக்கு கண்ணைக் கூச வைத்தது. அதை இரவிலும் அணைக்காமல் வைத்தாள். கண்ணாடியெல்லாம் பச்சையாகப் படிந்தது. ஆனால் இலைகள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, எல்லாச் செடிகளையும் போல, விளக்கைப் பார்த்து நின்றன. வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு அது வராது. பொன்னி நிம்மதியாகத் தூங்கினாள்.

கார்த்திகை தீபத்தன்று மாலை, விடுதியில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். தெருவிளக்குகள்கூட அணைந்திருந்தன. ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்திருந்தது.

அருணாதேவி படியிலிருந்து குரல் கொடுத்தார். “மலையில தீபம் ஏத்தற வரைக்கும் ஊருல ஒரு பல்பு எரியாது. உன் மீனுக்கு மட்டும் என்னடி, கல்யாணமா? அணைச்சிட்டு மேல வா.”

“அக்கா, இது மட்டும் எரியட்டுங்க்கா...”

“தெய்வக் குத்தம்டி. அணை.”

அணைத்தாள்.

வாசல் வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில் கூடம் சாம்பல் நிறமானது. நாற்காலியில் சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. அவள் கையை நீட்டினாள்.

“வா பாப்பா, மேல போலாம்.”

ஒரு சின்னக் கை அவள் விரல்களைப் பற்றியது. சில்லென்றிருந்தது. ஈரமாக.

“பொன்னிக்கா! சீக்கிரம் வா, தீபம் தெரியப்போவுது!”

மொட்டைமாடியிலிருந்து கவிநிலாவின் குரல்.

பொன்னி அசையவில்லை. மோட்டார் முனகியது. தொட்டிக்குள் இலைகள் எல்லாம் வளைந்திருந்தன. அவள் பக்கம். அவள் கையைப் பிடித்திருந்த கையின் பக்கம்.

பிறகு பிடி தளர்ந்தது. படியில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் இலைகள் கூடவே திரும்பின.

கத்தினாள். அதே நொடியில் மலையில் தீபம் எரிந்தது. ஊரே “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று எழுப்பிய முழக்கத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தடுமாறி ஸ்விட்சைப் போட்டாள். வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. இலைகள் அதைச் சட்டை செய்யவில்லை.

படியின் மேல்முனையில் ஒரு சின்ன முதுகு. கவிநிலாவின் உயரம். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. மேலே கவிநிலா கைதட்டிச் சிரிப்பது கேட்டது.

அது திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது.