படகின் நான்கு ஜன்னல்கள்

மழைத்தண்ணீர் உப்புக் கரிக்காது. எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கும் ரத்தினபாய்க்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் படகின் ஜன்னல் காடியில், அதாவது கண்ணாடி வழுக்கி ஓடுவதற்காகக் கட்டையில் செதுக்கியிருந்த அந்தக் குறுகலான பள்ளத்தில், ஊறி நின்ற ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தபோது கரித்தது. சுத்தமான கடல் உப்பு. கிணற்றுத்தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு வருஷமாகச் செங்கல் அடுக்கின்மேல் சும்மா நிற்கும் படகில். போன வருஷத்து உப்பு மரத்துக்குள்ளேயே தங்கியிருக்கும், மழையில் இப்போது கரைந்து வருகிறது என்று தனக்குத் தானே பாடம் நடத்திவிட்டு முந்தானையில் நாக்கைத் துடைத்துக்கொண்டாள். காரணம் சரியாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் பலகையெல்லாம் வெடித்தபோது இந்த உப்பு எங்கே போயிருந்தது என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொள்ள அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. காலையில் லாரி வந்துவிடும். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன ஜன்னல்கள் திறந்தாக வேண்டும்.

ஊரில் ஆம்பிளைகள் குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், ரேஸுக்குப் போகிறார்கள். அவளுக்கு வாய்த்தவன் படகு கட்டினான். பாலிடெக்னிக்கில் டிராயிங் மாஸ்டராக இருந்த ஏசுதாசன், எந்த ஊர்ப் பத்திரிகையிலோ வந்த படம் ஒன்றைப் பார்த்து, வீட்டுக்கு இன்னொரு அறை எடுக்க விட்டிருந்த இடத்தில் ஆறு வருஷம் உளியும் ரம்பமுமாக உட்கார்ந்திருந்தான். ஏரியை விட்டால் வேறு தண்ணீரே இல்லாத ஊரில் அறை வைத்த படகு. தெருவில் அவனை நோவா சார் என்றார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டான். கேலி முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

அந்த ஜன்னல்களில்தான் அவனுக்குப் பெருமை அதிகம். பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு கண்ணாடி. காடியில் கம்பளித்துணி ஒட்டி, கைப்பிடிகூட வைக்காமல், நகம் நுழையாதபடி இறுக்கி வைத்திருந்தான். ஒரு சொட்டு உள்ளே வராது என்று காட்டிக்காட்டி மகிழ்ந்தான். அப்படியென்றால் காற்றும் வராது, இழுத்தாலும் வராது, இளக்கி வையுங்கள் என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். சொல்லி என்ன பிரயோஜனம்? கேட்கிற காதாக இருந்தால்தானே.

போன வருஷம் மழை தொடங்கின சமயத்தில் படகை லாரியில் ஏற்றி முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் இறக்கினான். மகள் கிருபாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. அன்றைக்கென்று பிள்ளைக்கு ஜுரம். ஓவென்று அழுத பிள்ளையின் கட்டிலருகே குனிந்து, "செருப்பு மாட்டிக்கிட்டு ரெடியா இரு. அப்பா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் கோவளத்து மீனவர்கள் படகை மட்டும் கரைக்கு இழுத்து வந்தார்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எலுமிச்சை சாதம் வைத்த டிபன் பாக்ஸ் கட்டினபடியே இருந்தது. நான்கு ஜன்னலும் மூடியிருந்தன. நான்கிலும் வெளிப்பக்கத்துக் கண்ணாடி முழுக்க விரல் தடம்.

அந்த மீனவர்களில் வயசான ஒருவர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "ஜன்னல் தொறந்திருந்தா, தண்ணில வுழுந்தவரு சட்டத்தைப் புடிச்சி ஏறிகினு இருப்பாரும்மா. பக்கமெல்லாம் வழவழன்னு கீது. வேற புடி இன்னா கீது இதுல?"

படகு லாரியில் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது, உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயர் வெட்டிய கல்லுக்கு அடியில் வெறும் மண்தான் இருக்கிறது. எல்லாரும் அவளை அழச் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் கையால் செய்த ஜன்னலைத் தன் கையாலேயே திறக்க முடியாமல் செத்தவனுக்காக எப்படி அழுவது? போகிற போக்கில் பிள்ளைக்கு ஒரு வாக்கு வேறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த வாக்குதான் வீட்டைத் தின்றுகொண்டிருந்தது. கிருபா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகப் படகில் ஏறி, வலது பக்கத்துப் பின் ஜன்னலோரம், கதவை ஒட்டிய பலகையில் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் ஒரு பையில் மாற்று கவுனும் சீப்பும் இருக்கும். காலடியில் செருப்பு. அவள் விளையாடப் போவதில்லை, சிரிப்பதும் இல்லை. ரத்தினபாய் திட்டினாள், அடித்தாள், படகின் கதவைப் பூட்டினாள். பூட்டினால் பிள்ளை மழையில் நனைந்துகொண்டு படகுக்குக் கீழே நின்றது. இப்படியே போனால் இன்னொரு மழைக்காலத்துக்குள் தன் பிள்ளை தனக்கு இல்லாமல் போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதனால்தான் படகை விற்கத் துணிந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்து சிட்டிபாபு, நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனையாக்கி விற்றவர், கோவளத்துக்கு வரும் பட்டணத்து ஆட்களை ஏற்றி ஓட்டலாம் என்று இன்று காலை வந்து பார்த்தார். உள்ளே போன வேகத்தில் வேர்த்து வழிய வெளியே வந்தார். "ஜன்னல் தொறக்கணும் டீச்சர். உள்ள மூச்சு முட்டுது. ஜன்னல் தொறந்தா நாளைக்கே லாரி, இல்லன்னா எனக்கு இது வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாள். சோப்பு தேய்த்தாள். மண்ணெண்ணெய் ஊற்றினாள், கம்பளித்துணி அதைக் குடித்துவிட்டு இன்னும் உப்பியது. கத்தியை நுழைத்துச் சுரண்டினாள். உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். அப்போதுதான் கைப்பையில் கிடந்த மெழுகுவர்த்திகள் ஞாபகத்துக்கு வந்தன.

நேற்று கல்லறைத் திருநாள். கிருபா தானே கல்லின்மேல் மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டு, அப்பா இருட்டில் வழி தெரியாமல் நிற்கிறார் என்று சொல்லி ஏற்றினாள். ஏற்றின கையோடு மழை வந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. மண்ணுக்கு எதற்கு வெளிச்சம் என்று ரத்தினபாய் அத்தனையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கூட வேலை பார்க்கும் பியூலா டீச்சர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்க்கா. அவங்களுக்குன்னு வச்சதை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. அதைத் தேடிக்கிட்டு வருவாங்க." படித்தவள் பேசுகிற பேச்சா என்று ரத்தினபாய் சீறினாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று எழும்பி, முருங்கைமரம் ஓலமிட்டு, முதலில் தெருவிளக்கும் பிறகு வீட்டு விளக்கும் போயின. கிருபாவை வீட்டுக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அரிக்கேன் விளக்கைப் பலகையில் வைத்துவிட்டு, மெழுகுவர்த்தியை உடைத்துக் காடியின் மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தாள். உன்னாலேதானே, உன்னாலேதானே என்று ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஜன்னலிடம் முணுமுணுத்தாள். சும்மா இருந்த கண்ணாடி ஒருமுறை கிறீச்சிட்டது. மறுபடியும் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. ஒற்றை விரலால் தள்ளினாள், திறந்தது. ஒற்றை விரலால் இழுத்தாள், மூடியது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வேகத்திலேயே இரண்டாவது, மூன்றாவது, கடைசியாகக் கிருபாவின் இடத்தை ஒட்டிய நாலாவது ஜன்னல் என்று மெழுகு தீரும்வரை தேய்த்தாள். நான்கும் வெண்ணெயாக ஓடின. சாரல் அடித்ததால் நான்கையும் மூடிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தம். பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். மோதுகிறது, பின்வாங்குகிறது, மறுபடி மோதுகிறது. தாம்பரத்தில் மழை பெய்தால் காம்பவுண்டில் தண்ணீர் நிற்பது புதிதா? ஆனால் நிற்கிற தண்ணீர் இப்படி மோதாது. விளக்கின் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். படகு ஆடியது.

எலுமிச்சை சாத வாடை அடித்தது.

கதவு திறந்தது. கிருபா நின்றாள். சொட்டச்சொட்ட நனைந்திருந்தாள். கையில் பை, இன்னொரு கையில் செருப்பு. கொண்டி போட்ட வீட்டிலிருந்து எப்படி வந்தாய் என்று ரத்தினபாய் அதட்டினாள்.

"அப்பா தொறந்து விட்டாரு" என்றாள் கிருபா. வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அடித்துவிடத்தான் ரத்தினபாய் எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். இடது பக்கத்து முன் ஜன்னல் விரலளவு திறந்திருந்தது.

சரிவினால் நகர்ந்திருக்கும். மூடினாள். திரும்பினாள். பின்னால் அதே ஓசை. வழுக்குகிற மெல்லிய ஓசை. இந்த முறை கையளவு திறந்திருந்தது. பாய்ந்து போய் இரண்டு கையாலும் தள்ளினாள். பாதிவரை போனது. அதற்குமேல் போகவில்லை. எதிலோ இடித்தது.

மெத்தென்ற எதிலோ.

குனிந்து பார்த்தாள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கு விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள். நகம் இல்லை. மோதிரம் இருந்தது. தாம்பரம் சர்ச்சில் அவள் கையால் போட்ட மோதிரம்.

அவள் அலறவில்லை. ஒரு வருஷத்து ஆத்திரம் மொத்தமும் கைக்கு வந்தது. பதினோரு வருஷம் அவனை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டவள், கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சொன்னாள். "செத்தவன் செத்தவனாவே இரு. என் பிள்ளையை விடமாட்டேன். போயிடு."

தள்ளினாள். எலும்பு நெரிகிற ஓசை கேட்டது. விரல்கள் பிடியை விடவில்லை. காடியிலிருந்து உப்புத்தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்தது. கையை எடுத்தால் திறந்துவிடும். எடுக்காமல் பிள்ளையைத் தூக்க முடியாது. கிருபா, ஓடு. கிருபா, வீட்டுக்கு ஓடு என்று கத்தினாள்.

"மெதுவாம்மா" என்றாள் கிருபா. "அப்பாவுக்கு வலிக்கும்."

கண்ணாடி வழுக்கியது. இது இல்லை. இடது பக்கத்து இரண்டாவது. அப்புறம் எதிர்ப்பக்கம். ஒற்றை விரலால் தள்ளினாலே போதும். அவளே இளக்கி வைத்தது. நான்கையும் இளக்கி வைத்தது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கடைசி ஜன்னல் முழுவதும் திறந்திருந்தது. கிருபா செருப்பு வாரை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். வெளியே இருட்டிலிருந்து நனைந்த கை ஒன்று நிதானமாக உள்ளே நீண்டது.

மோதிரம் போட்ட விரல்கள் இன்னும் இந்தப் பக்கம், ரத்தினபாயின் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தன.