சாமான் அறைக்கு மேல் பொதுக்கூட்டம்

பதினோராம் மாடி சாமான் அறைக் கதவில் மண்டபத்தை ஏற்றியபோது பூவராகன் கதவைத் தட்டவில்லை. தட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. முந்நூறு நாற்காலி போட்ட மண்டபத்தை ஒரு கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து பொருத்துகிறவன், விரல் முட்டியால் தட்டிக்கொண்டு நிற்பதா என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

குடியிருப்பின் காலியிடம் முழுவதும் இப்போது அடித்தளத்தில் ஒரே குவியலாகக் கிடக்கிறது. வேண்டிய அளவு வெட்டி ஒரு கதவில் ஏற்றினால், அந்தக் கதவைத் திறக்கிறவர்களுக்கு அந்த அறை. அங்கே முன்பு இருந்தது அழியாது, மறைந்து கிடக்கும். மேலே ஏற்றியதை இறக்கினால் பழையது அப்படியே வரும். ஆனால் ஏற்றிய அறைக்குள் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இறக்க முடியாது.

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்தது. குடியிருப்புச் சங்கத் தலைவர் சீதாபதியை மட்டும் காணோம்.

"பேச்சை ஒருதடவை சொல்லிப் பாக்கணும்னு சாமான் ரூமுக்குப் போனார்," என்றார் செயலாளர் ரெபெக்கா. "எந்த மாடின்னு தெரியல."

எந்த மாடி என்று பூவராகனுக்குப் புரிந்துவிட்டது. நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது தீர்மானம், அவனை வேலையிலிருந்து நீக்குவது. போன மாதம் நீச்சல் குளத்தை லிஃப்ட் கதவில் ஏற்றியதற்காக.

"மேடம், எல்லாரும் கொஞ்சம் வெளிய போனா மண்டபத்தை இறக்கிடுவேன். சார் இதுக்கு அடியில இருக்கார்."

"அடியிலன்னா?"

"இதே கதவுதான். தட்டாம ஏத்திட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "நல்லா இருக்காரா?"

"நல்லாத்தான் இருப்பார். ஃபேன் ஓடும். நாற்காலி இருக்கு. கதவுதான் திறக்காது."

"நாம பேசறது கேக்குமா?"

"கேக்காது. போனும் எடுக்காது."

ரெபெக்கா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பால்கனியில் துணி காயப்போடத் தடை. ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிக்கத் தடை. பூவராகன். மூன்றையும் முன்மொழிபவர் தலைவர்.

"முன்மொழிய ஆள் இல்லைன்னா தீர்மானம் தானா விழுந்துடும்," என்றார் நிதானமாக. "சாருக்கும் முட்டிவலி. கொஞ்சம் உக்காரட்டும். வெளிய போறவங்க போகலாம்."

ஒருவரும் அசையவில்லை.

கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை. பஜ்ஜி இரண்டு சுற்று வந்தது. கடைசி ஆள் கை கழுவிக்கொண்டு வெளியேறியபோது மணி பன்னிரண்டு. பூவராகன் மண்டபத்தை இறக்கினான்.

சீதாபதி வேர்த்து வடிய வெளியே வந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "நாலு தடவை முழுசாப் பேசினேன்யா. இருந்தாப்பல கதவு மாட்டிக்கிச்சு, அதுவும் நல்லதாப் போச்சு. ஒருத்தன் குறுக்க வரல. எங்க எல்லாரும்?"

ரெபெக்கா தீர்மானப் புத்தகத்தை நீட்டினார்.

மறுநாள் காலை பூவராகனின் பெட்டியில் இருபது விண்ணப்பங்கள் கிடந்தன. மாமனார் அறைக் கதவில் சின்னதாக ஒரு பூஜை அறை. அண்ணன் அறைக் கதவில் நூலகம். பத்தொன்பதிலும் கடைசி வரி ஒன்றே: தட்ட வேண்டாம்.

இருபதாவது, தலைவருடையது. 'கதவு: தரைத்தளம், பூவராகன் தங்கும் அறை. ஏற்ற வேண்டியது: உடற்பயிற்சிக்கூடம், இரவும் பகலும் ஆள் இருக்கும். உள்ளே இருக்க வேண்டியவர்: பூவராகன். ஏற்றுபவர்: பூவராகன்.'

இது நடக்காத வேலை என்று எழுதித் திருப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தவன், எதற்கும் விதிப்புத்தகத்தைப் பார்த்தான். அறைக்குள் இருந்துகொண்டே அதன் கதவில் ஏற்ற வழி இருந்தது. படுக்கையை விட்டு எழாமல் வேலை பார்க்க வேண்டும் என்று, போன வருஷம் அவனே கேட்டு வாங்கிய வசதி.